சிவகாசிக்குப் பொது டிஜிட்டல் அச்சுக் கூடம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் காலண்டர், டைரி அச்சிடுவதை நிறுத்த வேண்டும் என 2020 செப்டம்பரில் நிதி அமைச்சகம் ஆணையிட்டது. காகிதம் மிச்சமாவது நல்லதே. ஆனால் அவற்றையே நம்பியிருக்கும் சிவகாசியின் சிறு அச்சகங்களுக்கு மாற்று வழி வேண்டும்.

பிளேட் எனும் அச்சுத் தகட்டிலுள்ள உருவை ரப்பர் உருளை வழியாகத் தாளில் பதிக்கும் ஆஃப்செட் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அலுமினியப் பிளேட் செய்து, நிறம் சரியாகப் பொருந்தும்வரை பல தாள்களைக் கழித்த பிறகே நல்ல பிரதி கிடைக்கும் என்பதால், அதிக எண்ணிக்கையில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். பதிப்பாளர்களின் கிடங்குகளில் விற்காத நூல்கள் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளேட்டே தேவைப்படாத டிஜிட்டல் அச்சிலோ, கேட்கும்போது கேட்ட அளவுக்கு, ஐம்பது பிரதிகள்கூட அடித்துத் தரலாம். பிரதி ஒன்றுக்கான செலவு சற்றுக் கூடினாலும், தேங்கும் சரக்கில் பணம் முடங்காது, காகிதமும் வீணாகாது.

டிஜிட்டல் அச்சு இயந்திரத்தின் விலை, ஓரிரு ஆஃப்செட் இயந்திரங்களோடு குடும்பமாகத் தொழில் நடத்துவோருக்கு எட்டாதது. ஆகவே, பலரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் பொதுக் கூடம் ஒன்றை அரசு அங்கே அமைக்க வேண்டும். ஒரே பகுதியில் ஒரே தொழில் செய்யும் குறு, சிறு நிறுவனக் குழுமங்களின் பொது வசதி மையங்களுக்கு மத்திய அரசின் மானியம் ஏற்கெனவே உண்டு. ஆஃப்செட் இயந்திரங்களின் உருளைகளைக் கழுவிய கரைப்பானையும் மைக் கழிவையும் சேகரித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டையும் அதே வளாகத்தில் செய்யலாம். புகளூர் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தயாரிக்கும் தாளைச் சிறு அளவில் நேரடியாக வாங்கவும் அங்கேயே வழி செய்யுமாறு தொழில்துறை அமைச்சரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர் மாவட்டம்