பூமிக்குள் போகும் குழாய்க்கு ஒரு படம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை நின்று இரண்டு வாரம் ஆன பின்னும் தெருவோரங்களில் தண்ணீர் வற்றாமல் நிற்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் அனைவரும் அதை மழைநீர் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு பங்காவது நம் வீட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்து வெளியேறும் தண்ணீராக இருக்கக்கூடும் என்பதை, இந்த மார்கழியில் என் வீட்டு வாசலில் நடந்ததைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. கட்டி நாற்பது ஆண்டுகளாகின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாசல் ஈரமாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மார்கழி பிறந்து, மழை விட்டு, தெரு முழுவதும் வெளுத்துக் காய்ந்த பிறகும் கேட்டின் இடப்பக்கத் தூணை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மட்டும் தரை கறுத்தே கிடந்தது. என் மனைவி விடியற்காலையில் போடும் கோலத்தில் அந்த மூலையில் மட்டும் மாவு அடியிலிருந்து நனைந்து கூழாகிவிடும். அதுவும் நாள்தோறும் அல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கள் தெருவுக்கு மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், விடும் முறையும் அதுவே. இந்தக் கணக்கை அவர்தான் முதலில் போட்டார். நான் மேலும் பத்து நாள் அது பனி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் குழாய் வெடிப்பது என்றால் பனி உறையும் நாடுகளின் கதை என்று நாம் நினைக்கிறோம். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடுகிறது என்பதால் அங்கே குழாய் பிளந்துவிடுகிறது. கனடாவின் டொராண்டோவில் வசிக்கும் என் தங்கை மகன், அங்கே உறைபனி எட்டாத ஆழத்தில், நான்கடிக்கும் கீழே குழாய் பதிப்பதாகச் சொல்வான். சென்னைக்கு அந்தக் கவலை கிடையாது. இந்நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். இங்கே குழாயை உடைப்பது மண். மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் ஆகிய பகுதிகளில் அடியில் இருப்பது களிமண். அது மழையில் ஊறி உப்பும், மழை விட்டதும் சுருங்கி இறங்கும். திருவான்மியூர், அடையாறு போன்ற மணற்பாங்கான இடங்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இராது.

மண் மட்டும் அசைந்தால் குழாயும் கூடவே சற்று வளைந்து தப்பித்துக்கொள்ளும். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டியவர்கள், குறுக்கே வந்த வீட்டுக் குழாய்களை எல்லாம் அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றியே கான்கிரீட் சுவரை வார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கான்கிரீட் பிடித்த இடத்தில் குழாய் அசையாது. அதை ஒட்டியுள்ள களிமண்ணோ மேலும் கீழும் போய்வருகிறது. துருவேறிய பழைய ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அந்த விளிம்பில் எத்தனை மழைக்காலம் தாங்கும்? எங்கள் வீட்டுக் குழாய் ஒரே ஒரு மழைக்காலம்தான் தாங்கியது.

இவை எல்லாம் தோண்டிய பிறகு தெரிந்தவை. தோண்டுவதற்கு முன் பிளம்பர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் விடை இல்லை. "சார், லைன் எந்தப் பக்கமா உள்ள வருது?" என்றார். வீட்டைக் கட்டியவர் என் தந்தை. குழாயைப் பதித்த மேஸ்திரியை நினைவு வைத்திருந்தவரும் அவர்தான். இருவரும் இன்று இல்லை. சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில், குழாய் வந்து விழும் வாய் தெரிகிறது, தெருவில் கைப்பம்பு தெரிகிறது; நடுவே உள்ள இருபது அடியில் அது நேராக வருகிறதா, வளைந்து வருகிறதா என்று சொல்ல ஆள் இல்லை. தண்ணீர் விடும் நாளில், வண்டிச் சத்தம் தொடங்காத ஐந்து மணிக்கு, பிளம்பர் கடப்பாரையின் கூர்முனையை மண்ணில் அங்கங்கே ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். தூணுக்கு வடக்கே ஓரிடத்தில் என்னையும் கேட்கச் சொன்னார். பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் போன்ற ஒரு சீறல் இரும்பின் வழியாக ஏறி வந்தது.

அதற்கு முந்தைய இரவில் நான் கண்டதே இக்கடிதத்தை எழுத வைத்தது. அன்று தண்ணீர் விடாத நாள். சம்ப்பில்தான் விரிசலோ என்று பார்ப்பதற்காக மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். விடியுமுன், தண்ணீர் விடுவதற்கு முன்பே எழுந்து பார்த்தேன். மட்டம் இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தால், கோட்டுக்கு மேலே காலங்குலம் ஏறியிருந்தது. எட்டடிக்கு ஆறடி தொட்டியில் காலங்குலம் என்பது ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர். டார்ச் அடித்துப் பார்த்தேன். தெருவில் தண்ணீரே விடாத நேரத்தில், குழாய் வாயிலிருந்து நூல் போலக் கலங்கல் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

இதன் பொருளைப் பிளம்பர் விளக்கிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. நம் ஊரில் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் இருப்பதில்லை. விடும் சில மணி நேரம் உள்ளே அழுத்தம் இருப்பதால் உடைப்பின் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். நிறுத்தியதும் குழாய் காலியாகிவிடும். அப்போது சுற்றியுள்ள நீர் அதே உடைப்பின் வழியாக உள்ளே வரும். கோடையில் நிலத்தடி நீர் எங்கோ ஆழத்தில் கிடப்பதால் உள்ளே வர ஒன்றும் இராது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் எங்கள் பகுதியில் இரண்டடி தோண்டினாலே ஊற்றெடுக்கிறது. அந்த ஊற்றில் பக்கத்து வடிகாலின் கசிவும் கலந்திருக்கிறது. மழைநீருக்காகக் கட்டிய வடிகாலில் வேறு எவையெல்லாம் ஓடுகின்றன என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கூடாது என்று விதி இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். உறிஞ்சும்போது தெருவில் எங்கெங்கே உடைப்பு உண்டோ அங்கெல்லாம் சாக்கடையும் சேர்ந்து இழுபடுகிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பழுது பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டுக்கு வெளியே நாமாகக் கைவைக்க முடியாது என்பதால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். ஊழியர்கள் வந்து தெருக்குழாயிலிருந்து எங்கள் இணைப்பை அடைத்துவிட்டுப் போனார்கள். பருவமழைக் காலத்தில் புதிய சாலை வெட்டுகளுக்கு மாநகராட்சி தடை விதிப்பது வழக்கம். நல்லவேளையாக எங்கள் உடைப்பு நடைபாதையின் ஓரத்தோடு நின்றுவிட்டதால் தார்ச்சாலையைத் தொட வேண்டியிருக்கவில்லை. இரண்டரை அடி ஆழத்தில், வடிகால் சுவரின் முகத்தை ஒட்டினாற்போல், குழாய் சுற்றளவில் முக்கால் பங்கு பிளந்து வாய் திறந்திருந்தது. துருவை விரல் நகத்தால் சுரண்டினால் அப்பளம் போல உதிர்ந்தது.

அவசரத்துக்கு சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒருநாள் இரண்டு நாளுக்கு அது தாங்கும். மண்ணைப் போட்டு மூடிய பிறகு அதை மறந்துவிடுவோம் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. பிவிசி போடுவதிலும் மார்கழியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் இணைப்புகளை ஒட்டும் பசைக்குக் குழாய் முனை துளி ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும். குழியிலோ வாளியால் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. ஆகவே பிளம்பர், பசை தேவைப்படாமல் திருகி இறுக்கும் இணைப்புகள் கொண்ட கறுப்பு ஹெச்டிபிஇ குழாயை (வளையக்கூடிய ஒருவகைப் பிளாஸ்டிக் குழாய்) தேர்ந்தெடுத்தார். மண் அசைந்தால் அதுவும் சற்று வளைந்துகொடுக்கும். வடிகால் சுவரைக் கடக்கும் இடத்தில் மூன்றங்குலப் பிவிசி துண்டு ஒன்றை உறையாகச் செருகி, அதற்குள் புதுக் குழாயை விட்டார். இனி கான்கிரீட் உறையைத்தான் பிடிக்கும், குழாயைப் பிடிக்காது. அந்த உறைத் துண்டின் விலை, அன்று வேலை செய்தவர்களுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த டீ, வடைச் செலவைவிடக் குறைவு. வடிகால் கட்டிய நாளிலேயே அதைச் செருகியிருந்தால் இவ்வளவும் நடந்திராது.

குழாயை மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சம்ப்பையும் மேல்தொட்டியையும் முழுவதும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, முதல் முறை வந்த தண்ணீரை வெளியே விட்டோம். அதன்பின் நிரப்பிய தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்தினோம். குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தெருவில் ஊழியர்கள் சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது இதைத்தான். குடிக்கும் தண்ணீரை இன்றுவரை கொதிக்கவைத்தே குடிக்கிறோம்.

தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அப்போது நாங்கள் தோண்டிய குழியின் வரைபடம், நீளம், அகலம், ஆழத்தோடு இன்றும் என் கோப்பில் இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் வரும் குழாய்க்கு மட்டும் படம் இல்லை. புதிய இணைப்பு கொடுக்கும்போது ரசீதோடு ஒரு கைவரைபடம் தரப்பட வேண்டும். கேட் தூணிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்ற இரண்டு எண்கள் அதில் இருந்தால் போதும். வடிகாலுக்காகவோ மின்கேபிளுக்காகவோ எரிவாயுக் குழாய்க்காகவோ தெருவைத் தோண்டுகிற ஒப்பந்தக்காரர், வீட்டுக் குழாயைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் உறை போட வேண்டும் என்பதையும், மூடுவதற்கு முன் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டிப் படத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதையும் ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது.

எங்கள் வீட்டுப் படத்தை, குழியை மூடுவதற்கு முன்பே நாடாவைப் பிடித்து அளந்து நானே வரைந்து, மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். இடத்தூணுக்கு வடக்கே ஒன்றே முக்கால் அடி, ஆழம் இரண்டரை அடி. அந்த வடிகால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் வீட்டுக் குழாய்கள் எங்கள் வரிசையில் மட்டும் இன்னும் பதினொன்று. நான்கு வீடு தள்ளி ஒரு வாசலில் தரை கறுத்துக் கிடப்பதை நேற்றுக் காலை பார்த்துச் சொன்னேன். பனி என்றார்கள்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாசகர்,
சென்னை – 600033