புதிய பிரிவு திறக்கும் முன்: இணையக் குழும நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

இணையக் குழுமங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே உரையாடல்களை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துனர்களுக்கும் வணக்கம்.

“இதற்குத் தனியாக ஒரு பிரிவு திறக்கலாமே” என்று உறுப்பினர் ஒருவர் கேட்கிறார். கீழே வரிசையாக விருப்பக்குறிகள் விழுகின்றன. திறக்க ஒரு நிமிடம் போதும், மறுத்தால் மனம் நோகுமோ என்ற தயக்கம் வேறு. திறந்துவிடுகிறீர்கள். முதல் வாரம் கலகலப்பாக இருக்கும். மூன்றாம் வாரம் கோரிக்கை வைத்தவர் மட்டும் எழுதிக்கொண்டிருப்பார். மூன்றாம் மாதம் புதியவர் ஒருவர் அங்கே வந்து கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. குழுமமே ஓய்ந்துவிட்டது என்று எண்ணி அவர் போய்விடுவார். அவர் வந்ததும் போனதும் உங்கள் புள்ளிவிவரம் எதிலும் தெரியாது. இந்த மடலை எழுதுவது அவருக்காகத்தான்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு தலைப்பைப் பற்றிய பேச்சு பொது இடத்திலேயே பெருகி, அங்கே நெருக்கடியை உண்டாக்கிய பிறகுதான் அதற்குத் தனிப் பிரிவு தேவை. திறந்தால் பேச்சு தானாக வரும் என்ற நம்பிக்கையில் எதையும் திறக்காதீர்கள்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரே இடத்தில் நாளுக்கு 24 புதிய கேள்விகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒன்று என்பதால், எப்போது எட்டிப் பார்த்தாலும் புதிதாக ஏதாவது இருக்கும். இதை எட்டுப் பிரிவுகளாக்கி, எல்லாம் சமமாகப் பங்கிடப்பட்டால்கூட ஒவ்வொன்றிலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு கேள்விதான். ஆனால் சமமாக எங்கும் பிரிவதில்லை. இரண்டு பிரிவுகள் 16 கேள்விகளை இழுத்துக்கொள்ளும், மிச்சமுள்ள எட்டை ஆறு பிரிவுகள் பகிர்ந்துகொள்ளும். எழுதுபவர்களின் கணக்கு இன்னும் இறுக்கமானது. இணையக் குழுமங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வெறுமனே படிப்பார்கள், 9 விழுக்காட்டினர் அவ்வப்போது எழுதுவார்கள், ஒரு விழுக்காட்டினர்தான் பெரும்பகுதியை எழுதுவார்கள் என்று 2006-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதினார். துல்லியமான விதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், தோராயமாக ஒத்துவரும். 500 பேர் கொண்ட குழுமத்தில் தொடர்ந்து எழுதுபவர்கள் ஐந்து பேர் என்றால், எட்டுப் பிரிவுகளில் பிரிவுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

அப்படியானால் நெருக்கடி வந்துவிட்டது என்று எப்படி அறிவது? இரண்டு நேரங்களை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு கேள்வி முதல் திரையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது ஒன்று, அதற்கு முதல் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பது மற்றொன்று. திரையில் 15 தலைப்புகள் தெரியும், நாளுக்கு 24 கேள்விகள் வரும் என்றால், ஒவ்வொன்றும் சுமார் 15 மணி நேரம் கண்ணில் படும். அதுவே நாளுக்கு 120 ஆனால் 3 மணி நேரம்தான். முதல் பதிலுக்கான நேரத்தைக் கண்டுபிடிக்க அண்மையில் பதில் பெற்ற 51 கேள்விகளை எடுத்து, பதில் வர ஆன நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். பத்து நாள் கிடந்த ஒரே ஒரு கேள்வி சராசரியைத் தூக்கிவிடும். நடுவில் நிற்கும் நேரம் 5 மணி, திரையில் தங்கும் நேரம் 3 மணி என்றால், கேள்விகள் பதில் பெறும் முன்பே புதைகின்றன. அப்போதுதான் பிரிப்பதைப் பற்றிப் பேசவே காரணம் இருக்கிறது. பதில் வந்த இழை (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த தொடர்) மேலே ஏறும் அமைப்பு உங்களுடையது என்றால் பதில் பெறாதவை இன்னும் வேகமாகப் புதையும். அங்கே நேரடியாகப் பார்த்து அளப்பதே நல்லது.

அடுத்து, எதைப் பிரிப்பது? கடைசி 200 இழைகளை எடுத்து, இரண்டு மட்டுறுத்துனர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் ஒவ்வொன்றும் எந்தத் தலைப்பு என்று குறிக்கட்டும். பிறகு ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் இருவரும் மாறுபட்டால் அந்த எல்லைக்கோடு தெளிவாக இல்லை. உங்களுக்கே தெளிவாக இல்லாத எல்லை உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? இந்தச் சோதனைக்கு ஒரு மாலை நேரம் போதும், பின்னால் நூற்றுக்கணக்கான இழைகளை இடம் மாற்றும் வேலையை அது மிச்சப்படுத்தும். ஒரு புகைப்படக் குழுமத்தில் ‘லென்ஸ் பழுது’ என்ற பிரிவு நிற்கும், ஏனென்றால் எது பழுது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. ‘தொழில்நுட்பம்’ என்று வைத்தால் ஒளி அமைப்பு, கோப்பு வடிவம், மென்பொருள், மெமரி கார்டு எல்லாம் அதற்குள்ளும் வரும், வெளியிலும் இருக்கும்.

எல்லை தெளிவானால் எண்ணிக்கையைப் பாருங்கள். நாங்கள் பயன்படுத்தும் அளவுகோல் இது: மொத்த இழைகளில் ஐந்தில் ஒரு பங்காவது அந்தத் தலைப்பில் இருக்க வேண்டும். நாளுக்கு மூன்று புதிய இழைகளாவது வர வேண்டும். வாரத்தில் குறைந்தது பன்னிரண்டு வெவ்வேறு பேர் கேட்க வேண்டும், ஐந்து வெவ்வேறு பேர் பதில் சொல்ல வேண்டும். இவை எட்டு வாரம் தொடர வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். ஒரே ஆள் நாளுக்கு நான்கு இழை தொடங்கினால் அட்டவணையில் அது பெரிய தலைப்பாகத் தெரியும், அவர் விடுப்பில் போனதும் காணாமல் போகும். எட்டு வாரம் கேட்பதற்கும் காரணம் உண்டு. புதிய கருவி வெளியானாலோ போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டாலோ வரும் அலை பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் வடிந்துவிடும்.

இதில் அதிகம் தவறவிடப்படுவது பதில் சொல்பவர்களின் கணக்குதான். கேட்பவர்கள் எந்தப் பிரிவானாலும் தேடி வருவார்கள், தேவை அவர்களுடையது. பதில் சொல்பவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுப்பவர்கள். பழுது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அதே ஐந்து பேர்தான் பொது இடத்தையும் தாங்குகிறார்கள் என்றால், பிரிப்பதால் அவர்களுக்கு இரண்டு இடங்களைக் காவல் காக்கும் வேலை வந்து சேரும், ஒன்றை விட்டுவிடுவார்கள். பதில் சொல்பவர்களின் இரண்டு பட்டியல்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பாதிக்கு மேல் அதே பெயர்கள் என்றால் இப்போதைக்குப் பிரிக்காதீர்கள்.

பழைய அமைப்புகள் இதை அறிந்தே வைத்திருந்தன. இணையத்தின் தொடக்ககால விவாதக் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டில் 1986, 1987-இல் குழுக்கள் அனைத்தையும் ஏழு பெரும் பிரிவுகளாகப் பெயர் மாற்றி அடுக்கினார்கள். பின்னர் அந்தப் பிரிவுகளுக்குள் புதிய குழு வேண்டுமென்றால் முதலில் முன்மொழிவு, பிறகு விவாதம், கடைசியில் வாக்கெடுப்பு என்று போக வேண்டியிருந்தது. எதிர்ப்பு வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் 100 கூடுதலாகவும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேண்டியிருந்தது. கேள்வி-பதில் தளங்களின் தொகுப்பான ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் 2010-இல் தொடங்கிய ஏரியா 51 என்ற முன்மொழிவுத் தளம் வேறு வழியில் போனது. புதிய தளம் கேட்பவர்கள் 60 பேரைத் திரட்டுவதோடு, அங்கே கேட்கப்படக்கூடிய மாதிரிக் கேள்விகளில் குறைந்தது 40 கேள்விகள் பத்துப் பத்து வாக்குகள் பெற்றிருக்க வேண்டியிருந்தது. அதைத் தாண்டிய பிறகு, பங்கேற்பதாக உறுதி தருபவர்களில் குறிப்பிட்ட அளவினர் ஏற்கெனவே அதன் வேறு தளங்களில் அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டியிருந்தது. யூஸ்நெட் விருப்பத்தை எண்ணியது, ஏரியா 51 கேள்விகளையும் ஆட்களையும் எண்ணியது. இரண்டாவதே நமக்கு உதவும். “பிரிவு வேண்டும்” என்று கருத்துக்கணிப்பில் 300 பேர் சொல்வதைவிட, அந்தப் பிரிவில் போடப்போகும் இருபது கேள்விகளை எழுதித் தரச் சொல்லுங்கள். பத்தைத் தாண்டாவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

அளவுகோலை எட்டாத தலைப்பை விரட்ட வேண்டியதில்லை. நாளுக்கு ஓர் இழைதான் வருகிறது என்றால் வாரம் ஒருமுறை மேலே பின் (pin) செய்து வைக்கும் தொடர் இழை போதும். அது வாரம் 50 பதில்களைத் தாண்டிப் படிக்கச் சிரமமானால் குறிச்சொல் கொடுங்கள். ஓர் இழைக்கு இரண்டு, மூன்று குறிச்சொற்கள் தரலாம் என்பதால் எல்லைத் தகராறே வராது. தேவையில்லை என்றால் தடமில்லாமல் எடுத்தும் விடலாம். டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில், பதிவுகள் தனித்தனி இழைகளாக வரும் சேனலில் (சேனல் என்பது அங்கே பிரிவுக்குப் பெயர்) 20 குறிச்சொற்கள் வரை வைக்கலாம், ஒரு பதிவுக்கு 5 வரை தரலாம். பெரும்பாலான குழுமங்களுக்கு இதுவே போதும். அதே டிஸ்கார்ட் ஒரு சர்வரில், அதாவது ஒரு குழுமத்துக்கான இடத்தில், 500 சேனல்கள் வரை அனுமதிக்கிறது. மென்பொருள் தாங்கும் என்பதால் மனிதர்கள் தாங்குவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாம் கூடிவந்து திறக்க முடிவு செய்தால், காலியாகத் திறக்காதீர்கள். பொது இடத்திலிருந்து நல்ல பதில் பெற்ற 20 முதல் 30 இழைகளை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். பிஎச்பிபிபி (phpBB) போன்ற விவாத மன்ற மென்பொருளில் இழையை மாற்றும்போது பழைய இடத்தில் புதிய இடத்தைச் சுட்டும் நிழல் இழை ஒன்றை விட்டுவைக்க முடியும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் எழுதியவரே தன் இழை அழிக்கப்பட்டது என்று சண்டைக்கு வருவார். டிஸ்கார்டில் செய்திகளை ஒரு சேனலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதி இல்லை. அங்கே பழைய உரையாடல்களின் சுட்டிகளைத் தொகுத்து முதல் பதிவாகப் பின் செய்யுங்கள்.

விளக்கம் மூன்று வரியில் இருக்கட்டும். என்ன வரலாம், என்ன வரக் கூடாது, வரக் கூடாதது எங்கே போக வேண்டும். இந்த மூன்றாவது வரியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பெயரில் உறுப்பினர்கள் தேடலில் தட்டும் சொல்லையே வையுங்கள். திறப்பதற்கு முன் சாதாரண உறுப்பினர் கணக்கில் நுழைந்து பாருங்கள். டிஸ்கார்டில் புதிய சேனல் எந்த வகைக்குள் (சேனல்களின் தொகுப்புக்குள்) உருவாகிறதோ அந்த வகையின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும். மட்டுறுத்துனர்கள் மட்டும் பார்க்கும் வகைக்குள் உருவாக்கிவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பொறுப்பாளர்கள் இருவர் வேண்டும், இருவரும் வெவ்வேறு நேரங்களில் விழித்திருப்பவர்களாக இருந்தால் நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளைத் திறக்காதீர்கள், எது எதைப் பாதித்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

சண்டையை ஒதுக்கி வைக்கப் பிரிவு திறப்பதை நாங்கள் அடியோடு எதிர்க்கிறோம். சூடான விவாதங்களைத் தனி அறைக்குள் தள்ளினால், நிதானமானவர்கள் அங்கே போகமாட்டார்கள், சண்டைக்காரர்கள் மட்டும் கூடிப் பழகி அதே தொனியோடு மற்ற பிரிவுகளுக்குத் திரும்புவார்கள். அந்தச் சிக்கலுக்கு விதியும் எச்சரிக்கையும் தேவை, இடம் தேவையில்லை. ‘மற்றவை’ என்ற பெயரில் இரண்டாவது பொது இடம் திறப்பதும் வேண்டாம்.

திறக்கும் அன்றே மறுபரிசீலனைத் தேதியை விளக்கத்தில் எழுதுங்கள், 90 நாள் சரியாக இருக்கும். அன்று பார்க்க வேண்டியவை: கடைசி 30 நாளில் நாளுக்கு ஓர் இழையாவது வந்ததா, பத்தில் எட்டுக்காவது 24 மணி நேரத்துக்குள் பதில் கிடைத்ததா, பொது இடத்தில் பதில் வரும் வேகம் கூடியதா குறைந்ததா. பொது இடமும் மெதுவாகிவிட்டது என்றால், புதிய பிரிவு நன்றாக ஓடினாலும் பிரித்தது சரியில்லை.

மூட நேர்ந்தால் முதலில் புதிய இழைகளை மட்டும் நிறுத்துங்கள், படிக்கவும் ஏற்கெனவே உள்ளவற்றுக்குப் பதில் எழுதவும் இரண்டு வாரம் விடுங்கள். பிறகு இழைகளை அது பிரிந்துவந்த மேல் பிரிவுக்கு மாற்றி, பழைய பிரிவுப் பெயரையே குறிச்சொல்லாக ஒட்டுங்கள். பழைய முகவரி புதிய இடத்துக்குத் திருப்பிவிடுகிறதா என்று நான்கைந்து சுட்டிகளைத் தட்டிப் பாருங்கள். நீக்குவது கடைசி வேலை. டிஸ்கார்டில் சேனலை நீக்கினால் அதிலுள்ள செய்திகள் எல்லாம் திரும்ப வராமல் போய்விடும், ஆகவே அங்கே நீக்காமல் பூட்டி, ‘காப்பகம்’ என்ற வகைக்குள் இறக்கிவையுங்கள். மூடுவதை அறிவிக்கும்போது, அந்தப் பிரிவைக் கேட்டவரின் பெயரைச் சொல்லாதீர்கள்.

உங்கள் குழுமத்தில் இப்போது இருக்கும் பிரிவுகளையும் இதே கணக்கில் நிறுத்திப் பாருங்கள். 90 நாளாகப் புதிய இழை வராதவற்றை இந்த மாதமே மேல் பிரிவோடு சேர்க்கத் தொடங்கலாம், அதற்கு யாருடைய கோரிக்கையும் தேவையில்லை.

இப்படிக்கு,
குழுமங்களை மட்டுறுத்தும் சிலர்