பொட்டலம் கொடுப்பதோடு நிற்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

கத்தோலிக்க இளையோருக்குச் சமூக நீதியை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. களத்தில் இறங்க வைக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் உணவுப் பொட்டலம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் வேலை முடிந்ததாகப் பல பங்குகளில் (ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகங்களில்) நினைக்கிறார்கள். அதுவும் நல்ல காரியம்தான், இரக்கம் வேண்டும். நீதி அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது: நாள் முழுக்க உழைக்கிறவருக்கும் ஏன் கையேந்தும் நிலை?

பெல்ஜிய நாட்டுக் குரு ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே பரப்பிய ‘பார், சிந்தித்துத் தீர்மானி, செயல்படு’ முறை இதற்கு அருமையான வழி. திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலில் இந்த முறையைப் பரிந்துரைத்தார். இளையோர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார்களா? சரி, போகட்டும். முதலில் அங்குள்ளவர்கள் பேசுவதைக் கேட்கட்டும். அப்புறம் நற்செய்தியை வைத்துக் கூடிப் பேசி, எதை மாற்றலாம், யாரிடம் முறையிடலாம் என்று அவர்களே முடிவெடுக்கட்டும். அந்தப் பேச்சில் முதியவர்களுக்கும் இடம் வேண்டும். தங்கள் தேவை அவர்களுக்குத்தானே தெரியும்.

நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் திருவருட்சாதனமான உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் சேவை செய்த மணிக்கணக்கை மட்டும் கேட்பதைப் பங்குகள் விட்டுவிட வேண்டும். யாரைச் சந்தித்தாய், என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

- ஒரு மறைக்கல்வி ஆசிரியர்