சிமிழின் அடியில் ஒரு கீறல்

பட்டுக்கோட்டை
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொல்லையில் காலை வைக்க முடியவில்லை.

குங்குமச் சிமிழ் பிளந்துபோனதைக் கனடாவிலிருந்து போனில் சொன்னபோது, “பரவாயில்லப்பா, கால்கரி குளிர் அப்படி” என்று குளிரின்மேல் பழியைப் போட்டாய். எனக்காகச் சொன்னாய் என்று தெரியும். தப்பு என்னுடையதுதான். போனில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்றுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அது மாங்கிளையில் செய்தது. மின்கம்பியில் உரசுகிறது என்று வைகாசியில் வெட்டிய கிளை. உருண்டையாகத்தானே இருக்கிறது, கடைசல் வேலை இல்லாமலே சிமிழ் கிடைத்துவிடுமே என்று ஒரு சோம்பல். மொட்டைமாடி வெயிலில் இரண்டு மாதம் போட்டு, டிரில் மிஷினால் நடுவைக் குடைந்து, வார்னிஷ் அடித்து, ஆவணியில் உனக்கு அனுப்பிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் லெட்ஜர் எழுதியவன் கையில் ஒரு சாமான் உருவானதே என்ற பவுசு வேறு.

நீ அனுப்பிய படத்தை நம் ஆசாரியிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டுச் சொன்னார்: “மரத்தோட நடுவை வெச்சுக்கிட்டு யாராச்சும் சிமிழ் செய்வாங்களா சார்?” கீறல் அடிப்பலகையின் மையத்தில் கிளம்பி ஒரு பக்கச் சுவரில் ஏறியிருக்கிறது, பார். காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். குறுக்கில்தான் சுருங்கும். அதிலும் வளையங்களைச் சுற்றிய போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு வட்டத்தை நடுவோடு வைத்துக்கொண்டால் சுற்றளவு இறுகும், உள்ளே அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் ஆகவேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தாக்குப் பிடித்தது. நீ ஐப்பசியில் ஹீட்டர் போட்டதும் வீட்டுக் காற்று வறண்டது, மிச்ச ஈரமும் போயிற்று, பிளந்துவிட்டது.

போதாக்குறைக்கு வெயிலில் காய வைத்தது வேறு. நிழலில், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது கணக்காம். இரண்டு மாதத்தில் மேல்தோல்தான் காய்ந்திருக்கும்.

இப்போது உன்னிடம் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடிகாலை, கொல்லைப் பலா வேரோடு சாய்ந்தது. லைன் கிடைத்த முதல் நாளே நீ கேட்டது தென்னையைப் பற்றி இல்லை, பலாவைப் பற்றித்தான். விறகுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அன்றைக்கு எனக்குப் பேசத் தெம்பில்லை. கொடுத்தது வாஸ்தவம், ஆனால் அடிமரத்தில் இரண்டடி நீளத் துண்டு ஒன்றைக் கொடுக்கவில்லை. தாழ்வாரத்தில் இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைத்தேன். போன தடவை நீ வந்தபோது அதன்மேல்தான் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டினாய். சொல்ல வாயெடுத்தேன், ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது.

அந்தக் கட்டையைத்தான் இப்போது அறுத்தேன். ஆசாரிக்கு அதிலும் குறை. வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் சாணியைப் பூசியிருக்க வேண்டுமாம். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், பூசி அடைத்தால் மெதுவாகக் காயும். நான் பூசாததால் இரு பக்கமும் ஒரு சாண் வெடித்துக் கிடந்தது, வெட்டிப் போட்டோம். வெளியே இருந்த வெள்ளைக்கட்டையை வண்டு மாவாக்கியிருந்தது. உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில் ஒரு பூச்சி கைவைக்கவில்லை. மில்லில் நாலாகப் பிளந்து, நடுவை ஒதுக்கிவிட்டு வந்த துண்டுகளில் நாலு சிமிழ் தேறும். உனக்கு வருவது முதலாவது.

அறுத்த கணத்தில் உள்ளே என்ன நிறம் தெரியுமா? பலாச்சுளை நிறமேதான். அந்தத் தூள் என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. பர்மாப் பக்கம் பிட்சுகளின் ஆடைக்கு இந்த மரத்தூளைக் காய்ச்சித்தான் சாயம் போட்டார்களாம். அதை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப நீங்களும் சன்னியாசம் போங்க” என்றாள். ஆனால் இந்த மஞ்சள் நிற்காது. வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுத்து, ஒருநாள் செம்பழுப்பாகிவிடும். தஞ்சாவூர் வீணையும் இந்தப் பலாதான்.

தேய்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, கடைசியில் 400. 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால், படுத்திருந்த நாரெல்லாம் பூனைமயிர் மாதிரி சிலிர்த்துக்கொள்ளும். காய்ந்தபின் அதை வழித்துவிட வேண்டும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டுதான் செய்கிறேன், நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

மேலே ஆளிவிதை எண்ணெய். அதில் ஒரு கூத்து நடந்தது. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அம்மா வாளியை நகர்த்தினவள், “என்னங்க, துணி சுடுது” என்கிறாள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். அன்றிலிருந்து துணியைக் கொடியில் விரித்துப் போடுகிறேன், அவள் சேலைக்குப் பக்கத்தில் மட்டும் போடக்கூடாது என்று உத்தரவு. சிமிழின் உள்பக்கம் எண்ணெய் வைக்கவில்லை, குங்குமம் ஒட்டும்.

கூரியரில் போட்ட இடத்தில் “சந்தனமா, செம்மரமா?” என்று இரண்டு முறை கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பலா என்றேன்.

வந்து சேர்ந்ததும் பிரித்துவிடாதே. பிளாஸ்டிக் கவரின் வாயை ஒரு விரற்கடை திறந்துவிட்டுப் பத்து நாள் அப்படியே வை. உன் வீட்டுக் காற்றுக்கு அது மெதுவாகப் பழகட்டும். ஹீட்டர் காற்று வருகிற துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். மூடியிலும் பெட்டியிலும் ஒவ்வொரு பென்சில் புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வருமாறு மூடச் சொல். ஒரே துண்டிலிருந்து வெட்டி, ரேகை ஒரே போக்கில் வருமாறு செய்திருக்கிறேன். அப்படி மூடினால் சுருங்கும்போது இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். மாற்றி மூடினால் ஒன்று முட்டை வடிவத்துக்கு ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் போய் இறுகிக்கொள்ளும். இங்கே மழையில் மூடி கொஞ்சம் பிடிப்பாக இருக்கிறது, அங்கே தளரும் என்று கணக்குப் போட்டு விட்டிருக்கிறேன். கணக்கு சரியா என்று எழுது.

பழைய சிமிழில் பாப்பா விழுந்த பல்லைப் போட்டு வைத்திருக்கிறாளாம், அம்மா சொன்னாள். கம் போட்டு ஒட்டுகிறேன் என்றாயே, வேண்டாம். இப்போது கீறலை அடைத்தால், காற்றில் ஈரம் ஏறி மரம் உப்பும்போது இடமில்லாமல் வேறு பக்கம் பிளக்கும். சும்மா விட்டால் கோடையில் கீறல் கொஞ்சம் சேரும். ஜூலையில் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. ஆசாரி சேராது என்கிறார்.

அன்புடன்,
அப்பா