மாதம் ஆயிரம் ரூபாய் படிப்புக்குத்தான்

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் காட்டும் பாஸ்புக்கில், பணம் வந்த மறுநாளே எடுத்திருப்பது தெரிகிறது. கேட்டால் செல்போன் தவணை, அண்ணனின் பைக் தவணை என்கிறார்கள். வீட்டில் அரிசி வாங்க வழியில்லை என்றால் சரி, எடுக்கட்டும். அதைக் குறை சொல்ல மனம் வராது. பைக் தவணைக்கு எதற்கு?

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இது மொத்தம் 36,000 ரூபாய். தட்டச்சில் லோயர், ஹையர் பாஸ் செய்தால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பயிற்சிக்குக் கட்டியது போக, மீதியை அஞ்சலக ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடலாம், மாதம் 100 ரூபாய் கட்டினாலே கணக்கு தொடங்க முடியும். பிள்ளைகளே இதை முடிவு செய்யப் பழக வேண்டும், பெற்றோரும் விட்டுக்கொடுக்க வேண்டும். முதலாமாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே கல்லூரிகள் பெற்றோரை அழைத்து இதைப் பேசினால் நல்லது.

- கல்லூரி ஆசிரியை, விருதுநகர்