மாஸ்டா நிர்வாகத்தாருக்கு: ரோட்டரியோடு ஒரு பக்கமும் அனுப்புங்கள்

ஹிரோஷிமாவில் இருக்கும் மாஸ்டா மோட்டார் நிர்வாகத்தாருக்கும், 2024 பிப்ரவரியில் மீண்டும் அமைக்கப்பட்ட ரோட்டரி எஞ்சின் குழுவினருக்கும்,

வணக்கம்.

2023 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் ஐகானிக் எஸ்பி என்ற சிவப்புக் காரை மேடையேற்றினீர்கள். உள்ளே பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டர் இரண்டு என்றீர்கள். அடுத்த சில மாதங்களில் ரோட்டரிக்கென்று தனிக் குழுவையும் கூட்டிவிட்டீர்கள். உங்கள் பழைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களும், அதைப் பிரித்துப் பூட்டிப் பிழைப்பவர்களும் கைதட்டினோம். பொய்யில்லை. தட்டிய கையில் பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை, அதனால்தான் இந்த மடல்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வரும்போது அதனுடன் ஒரு பக்கம் கொடுங்கள். ஒரே ஒரு பக்கம். வாங்குபவரின் மொழியில், அவர் பணம் கட்டுவதற்கு முன்பு. இந்த எஞ்சின் மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது, எதைச் செய்தால் கெடும், கெட ஆரம்பித்தால் எப்படித் தெரிந்துகொள்வது, இவ்வளவுதான் அதில் வேண்டும். தடித்த கையேட்டின் நடுவே ஒரு பெட்டிக்குள் அச்சடிக்கும் எச்சரிக்கை கணக்கில் வராது. அதை யாரும் படிப்பதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக் கழுவ வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து ஐந்து மீட்டர் பின்னால் எடுக்க வேண்டும். சொந்தக்காரர் எஞ்சினை எழுப்பி, பின்னால் எடுத்து, அணைத்துவிடுகிறார். பெரும்பாலான கார்களில் இது தவறில்லை. ஆர்எக்ஸ்-8இல் இது தவறு. கழுவி முடித்து மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும், எஞ்சின் எழும்பாது. பத்து முறை முயல்வார். ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். பதினோராவது முறை பேட்டரி இறங்கிவிடும்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல; தெரியாதது வாங்கியவருக்குத்தான். குளிர்ந்த எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாக விடும். ரோட்டரியின் எரியறை நீண்டு தட்டையானது. குளிர்ந்த சுவர்ப்பரப்பு அதிகம். பெட்ரோல் ஆவியாகாமல் அங்கே ஒட்டிக்கொள்ளும். சூடேறாத நிலையில் அணைத்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். ரோட்டரைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங்கின் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிடும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள் காற்றை அடைத்துப் பிடிக்க அந்தப் படலம் வேண்டும். ஓடும்போது வாயு அழுத்தமும் சுழல் விசையும் சீலை வெளியே தள்ளிப் பிடிக்கும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் சின்ன ஸ்பிரிங்தான் துணை. படலமும் இல்லை, வேகமும் இல்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம், கசியும், பிளக் நனையும். பேட்டரி தளரத் தளரச் சுற்றும் வேகம் குறையும், கம்ப்ரஷன் இன்னும் விழும். பின்னால் வந்த திருத்தங்களில் வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரும் புதிய கம்ப்யூட்டர் நிரலும் கொடுத்தீர்கள். ஆக, கோளாறு எங்கே என்று உங்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

இதற்கு மருந்து எளிது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். பத்து விநாடி சுற்றவிட்டு, செல்ஃபுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி சுற்ற வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீண் வேலை. அதிலும் எழவில்லையா? முன் சக்கரத்தைக் கழற்றி நான்கு பிளக்குகளையும் எடுக்க வேண்டும். கீழே இருப்பவை லீடிங், மேலே இருப்பவை டிரெய்லிங். என்ஜிகே நிறுவனத்தின் பிளக் என்றால் கீழே ஆர்இ7சி-எல், மேலே ஆர்இ9பி-டி. இரண்டின் வெப்ப எண்ணும் வேறு. மாற்றிப் பூட்டிவிட்டு எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்து, பிளக்குக்குப் பொறி தரும் காயில்களின் இணைப்புகளைப் பிரித்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும். பக்கத்தில் ஒரு பொறி போதும். பிறகு ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக விட்டு, சில சுற்று சுற்றி, உலர்ந்த பிளக்கைப் பூட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். வெள்ளையாகப் புகை கக்கும். பயப்பட வேண்டாம், விட்ட ஆயில்தான் எரிகிறது. கயிறு கட்டி இழுத்து எழுப்புவது மட்டும் கூடாது. எரியாத பெட்ரோல் அத்தனையும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும்.

இவ்வளவையும் சொல்ல ஒரு பத்தி போதுமாக இருந்தது. இந்தப் பத்தி கையில் இல்லாத ஒரே காரணத்தால் பேட்டரி, பிளக், ஸ்டார்ட்டர் என்று வரிசையாக மாற்றி, கடைசியில் "எஞ்சின் போச்சு" என்ற தீர்ப்போடு நின்றுபோன கார்கள் உண்டு. அந்த எஞ்சின்களுக்கு வந்தது நோய்கூட இல்லை, வெறும் நனைதல்.

சீல்தான் இந்த எஞ்சினின் உயிர் என்று உங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? 1961இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் உரிமம் வாங்கினீர்கள். 1963இல் யமமோட்டோ கெனிச்சி தலைமையில் 47 பேர் உட்கார்ந்தார்கள். ஹவுசிங் சுவரில் சீல் அதிர்ந்து அதிர்ந்து அலையலையாகப் பள்ளம் போட்டது. பேயின் நகக்கீறல் என்று அதற்கு நீங்களே பெயர் வைத்தீர்கள். கார்பனும் அலுமினியமும் கலந்த சீலைக் கண்டுபிடித்து அந்தப் பேயை ஓட்டி, 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்கு விட்டீர்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் குடிக்கும் ரோட்டரியால் நிறுவனமே தள்ளாடியபோதும் கைவிடவில்லை. 1978இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. 1991இல் நான்கு ரோட்டர் 787பி, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அணுகுண்டு விழுந்த ஊரில், நான்கே மாதத்தில், 1945 டிசம்பரில் மூன்று சக்கர வண்டி உற்பத்தியை மீண்டும் தொடங்கியவர்கள் நீங்கள். பிடிவாதம் உங்கள் பிறவிக்குணம். அதில் ஒரு சொட்டை விளக்கம் சொல்வதிலும் காட்டலாமே என்பதுதான் விண்ணப்பம்.

அந்தப் பக்கத்தில் வேறு என்னென்ன வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் நேரம் மிச்சம்.

ஆயில் எரிவது கோளாறில்லை, வடிவமைப்பே அப்படி என்பது. முனை சீலை நனைக்க ஆயில் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறது; எரிந்து போகத்தான் செய்யும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறையவே இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். 2009 மாடலில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டாக இருந்த ஆயில் துளைகளை மூன்றாக்கினீர்கள், நடுவில் ஒன்று சேர்த்து. பழைய கார்களில் சீலின் நடுப்பகுதி காய்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படி ஒப்புக்கொள்வது? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பழைய காரர்களும் முன்னெச்சரிக்கையாக இருந்திருப்பார்கள்.

காயில் வரலாறு இன்னும் மோசம். நான்கு காயில், ஏறக்குறைய 50,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது ஓட்டுபவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு. காயில் தளர்ந்தால் பொறி தவறும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சூடு திரும்பி எஞ்சினைத் தாக்கும். ஆர்எக்ஸ்-8இல் புகைவழி பக்கத் தட்டுகளில் இருப்பதால் பக்க சீல்கள்தான் முதல் பலி. சின்ன உதிரிபாகம் பெரிய எஞ்சினைக் கொல்லும் கதை இது. நடுவில் கண்சிமிட்டும் எச்சரிக்கை விளக்கு ஒன்றுதான் சாட்சி.

வெப்ப ஊசியைப் பற்றி ஒரு வரி. நடுவுக்கு வந்தபின் அது அசையாது; எஞ்சின் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்திருக்கும். சூடேறிவிட்டது என்று காட்டுவதற்கு மட்டும் அது உதவும். அலங்காரத்துக்கு ஊசி வைப்பதானால் கடிகாரமே வைத்திருக்கலாம்.

கம்ப்ரஷன் எண்களை அந்தப் பக்கத்தின் கீழே கொட்டை எழுத்தில் போடுங்கள். நிமிடத்துக்கு 250 சுற்றில் அளந்தால் 830 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். 680க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது, இரண்டு ரோட்டர்களுக்குள் 100ஐ. சாதாரண பிஸ்டன் எஞ்சின் மீட்டரை வைத்து அளந்தால் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஊசி நிற்கும். ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. "கம்ப்ரஷன் நல்லா இருக்கு" என்ற சொல்லை நம்பிப் பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கியவர்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ரோட்டரி மீட்டரில், எஞ்சின் சூடாக இருக்கும்போது அளந்து, ஆறு எண்களையும், அளந்தபோது இருந்த சுற்று வேகத்தையும் காகிதத்தில் எழுதி வாங்கச் சொல்லி ஒரு வரி போட்டால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். 2003இல் அமெரிக்காவில் 247 குதிரைத்திறன் என்று சொன்னது 238தான் என்று தெரிந்ததும், காரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தீர்கள். 2008இல் அங்கே எஞ்சின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டினீர்கள். இந்தக் காரை ஓட்டியவர்கள் இன்றும் அதைத் திட்டிக்கொண்டே கொஞ்சுகிறார்கள். முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிந்த எடையும், 9,000 சுற்று வரை அதிர்வில்லாமல் ஏறும் எஞ்சினும், கையோடு பேசும் ஸ்டீயரிங்கும் அப்படி. மைலேஜைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது?

ஆனால் சொல்லாமல் விடும் பழக்கம் ரோட்டரியோடு நிற்கவில்லை. உங்கள் 2.2 லிட்டர் டீசல் எஞ்சினின் ஆயில் குச்சியில் முழு அளவுக்கு மேலே எக்ஸ் என்று ஒரு குறி இருக்கிறது. புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய விடும் டீசல், எஞ்சின் ஆயிலில் கலந்து அளவு கூடும். எக்ஸைத் தொட்டால் ஆயிலை மாற்ற வேண்டும். அருமையான குறி. அதற்கு அர்த்தம் கேட்டால், டீசல் மாஸ்டா ஓட்டுபவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? தொடுதிரை கவனத்தைச் சிதைக்கும் என்று 2019இல் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துத் திருகு குமிழ் வைத்தீர்கள். இப்போது புதிய சிஎக்ஸ்-5இல் குமிழைக் கழற்றிவிட்டுப் பெரிய தொடுதிரை. சுழலும் குமிழை எடுத்துவிட்டுச் சுழலும் எஞ்சினைக் கொண்டுவருவது புது மாதிரியான கணக்கு. மன்னிக்கவும், விண்ணப்பம் அதைப் பற்றியது இல்லை.

உங்கள் எம்எக்ஸ்-30 காரில் மின்சாரம் தயாரிக்க மட்டும் வைத்திருக்கும் 8சி ரோட்டரி எஞ்சினைப் பார்த்தோம். 2 மில்லிமீட்டராக இருந்த முனை சீலை 2.5 ஆக்கியிருக்கிறீர்கள். பெட்ரோலை நேரடியாக எரியறைக்குள் தெளிக்கிறீர்கள். உங்கள் பொறியாளர்கள் பாடம் படித்துவிட்டார்கள், சந்தேகமில்லை. அந்தப் பாடம் வாங்குபவர் கைக்கும் வர வேண்டும் என்று பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். ஒரு பக்கம். சாவிக்கு முன்னால். பழைய காரை இரண்டாவது கையாகவும் மூன்றாவது கையாகவும் வாங்கியவர்கள் கேட்டாலும் அதே பக்கம் கிடைக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012இல் நின்றுவிட்டது, இன்று ஓடுபவை பெரும்பாலும் அவர்கள் கையில்தான்.

முதல் வரியை நாங்களே எழுதித் தருகிறோம்: "குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால், வெப்ப ஊசி நடுவுக்கு வரும்வரை அணைக்காதீர்கள், காரைக் கழுவ நகர்த்தினாலும் சரி." மீதியைத் தயவுசெய்து நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆர்எக்ஸ்-8 ஓட்டுபவர்களும் பழுதுபார்ப்பவர்களும்