டெல்லியா, தருமபுரியா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

கம்ப்யூட்டரில் சுகாதாரப் புள்ளிவிவரம் பார்க்கும் டெல்லி கம்பெனி வேலையா, தருமபுரி மாவட்டக் காசநோய் மையத்து ஒப்பந்த வேலையா என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அப்பா வாங்கிக்கொண்டு அவர் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். தருமபுரிக்குப் போ. இரண்டு வருஷமாவது இரு. அதற்கப்புறம் டெல்லியோ ஜெனீவாவோ உன் இஷ்டம்.

சேவை, தியாகம் என்றெல்லாம் சொல்லி உன்னை அனுப்பப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கப்போவது நீ. நான் சொல்வது தொழில் கற்றுக்கொள்வதைப் பற்றி.

பல் கிளினிக்கில் நீ உட்கார்ந்திருந்தபோது வலி வந்தவர் தானாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வராதவரைப் பற்றி உனக்குக் கவலை இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. பொது சுகாதாரத்தில் வராதவர்தான் உன் வேலையே. எம்.பி.எச். என்ற பொது சுகாதார மேல்படிப்பு வகுப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கிராம சுகாதார நர்ஸாக நான் இதைப் படித்தது தாய் வீட்டுப் பிரசவத்தில்.

எப்படி என்றால், பெண் புருஷன் ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்வாள். அந்த ஊர் நர்ஸ் நோட்டில் பெயர் ஏறும். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தை அங்கே பிறக்கும். ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போட வேண்டும். சரியாக அந்த வாரங்களில்தான் குழந்தை இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும். இந்த ஊர் நர்ஸ் ‘அங்கே போட்டிருப்பார்கள்’ என்று நினைப்பார், அந்த ஊர் நர்ஸ் ‘இங்கே போட்டிருப்பார்கள்’ என்று நினைப்பார். இரண்டு நோட்டும் சுத்தமாக இருக்கும், குழந்தைக்கு மட்டும் ஊசி போட்டிருக்காது. பிற்பாடு கர்ப்பிணிகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் பிக்மி வந்து ஒரு கர்ப்பத்துக்கு ஒரு எண் என்று ஆனதும் இந்தத் தொல்லை பெரிய அளவு குறைந்தது. ஆனாலும் எண் வாங்கியவர்களைத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எந்த வீட்டுக்குப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பது அங்கன்வாடி ஆயாவுக்கும் பால் சொசைட்டிக்காரருக்கும் தெரியும். புதன்கிழமை ஊசிக்கு முன்னால் நான் முதலில் அவர்களிடம் பேசிவிட்டுத்தான் ஊருக்குள் போவேன்.

ரிவியூ மீட்டிங்கில் 98 சதவீதம் ஊசி போட்டாயிற்று என்பார்கள். எதில் 98? நாம் எழுதி வைத்திருக்கிற பெயர்களில் 98. சூளையில் செங்கல் அறுக்க வந்த குடும்பத்தின் குழந்தை யார் நோட்டிலும் இல்லையென்றால், அந்தக் குழந்தைக்கு ஊசி போடாவிட்டாலும் சதவீதம் குறையாது. சொல்லப்போனால் அதைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுகிற நர்ஸுக்குத்தான் அந்த மாதம் சதவீதம் இறங்கும், அவர்தான் எழுந்து நின்று பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். டெல்லியில் உன் கம்ப்யூட்டர் திரைக்கு வருவது இந்த எண்தான், பச்சை வண்ணம் பூசிக்கொண்டு. அது எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் அதைப் படிக்கப் போகாதே.

உனக்குத் தருமபுரியில் கொடுத்திருப்பது பி.பி.எம். கோஆர்டினேட்டர் பதவி, அதாவது தனியார் டாக்டர்களை அரசின் காசநோய்த் திட்டத்தோடு சேர்க்கும் வேலை. பெயரைப் பார்த்து உப்புச்சப்பில்லாத வேலை என்று நினைத்திருப்பாய். காசநோய்த் திட்டத்தில் எனக்குப் பிடித்த வேலைகளில் அது ஒன்று. அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி எப்படியும் பட்டியலில் ஏறிவிடுவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று தனியார் டாக்டரிடம் போய், எக்ஸ்ரே எடுத்து, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்தான் கணக்கில் வராதவர். தனியார் டாக்டரும் காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-லேயே உத்தரவு வந்துவிட்டது. 2018-ல் தெரிவிக்காவிட்டால் தண்டனை என்றும் சேர்த்தார்கள். உத்தரவு இருப்பதால் மட்டும் யாரும் தெரிவித்துவிடுவதில்லை. நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவாரோ என்ற பயம், பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது என்று வீட்டார் கெஞ்சுவது, அப்புறம் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்‌ஷய்யில் பதிவு செய்ய ஆள் இல்லாதது. அந்த கிளினிக்கின் வாசலில் மெடிக்கல் ரெப்புகளோடு நீயும் உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டரம்மா என்ற நினைப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

ஒரு வழி சொல்கிறேன். காசநோய் மாத்திரை விற்கும் மருந்துக்கடை எச்.ஒன் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எவ்வளவு மாத்திரை கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். கடைக்காரரிடம் அதிகாரம் காட்டாமல் அதைப் பார்க்கப் பழகிவிட்டால், மாவட்டத்தில் எந்த டாக்டர் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்கிறார், எத்தனை பேரைத் தெரிவிக்கிறார் என்று உனக்குத் தெரிந்துவிடும். தெரிவித்தால் டாக்டருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அதைச் சொல்லி எந்த டாக்டரையும் வளைக்க முடியாது. நோயாளியின் லாபத்தைச் சொல். பட்டியலில் ஏறினால் அவருக்கு மாதாமாதம் சத்துணவுக்குப் பணம் உண்டு. 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதிப்பார்கள். மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டால் தேடி வர ஆள் இருக்கும். கிளினிக்கில் பணம் கட்டி வைத்தியம் பார்ப்பவருக்கு இந்தக் கடைசி வசதி கிடையாது.

காசநோயில் செத்துப்போகிறவர்களில் நிறைய பேர் வைத்தியம் ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் அது வேலை செய்யும் வரை உடம்பு தாங்காது. நம் மாநிலத்தில் 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் கொண்டுவந்தார்கள். நோய் என்று தெரிந்தவுடன் உயரம், எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, காலில் வீக்கம், யாரையும் எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். ஸ்கேன் வேண்டாம், பெரிய டாக்டர் வேண்டாம், நர்ஸே பார்க்கலாம். மோசமாக இருந்தால் அன்றே வார்டில் சேர்க்க வேண்டும். ஒரு தராசையும் விரலில் மாட்டும் கருவியையும் வைத்து உயிரைக் காப்பாற்றும் யோசனை இது. யாருக்காவது இது தோன்றியிருக்க வேண்டும், அப்புறம் மாவட்டம் மாவட்டமாக ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்து, சொன்னதைச் செய்தார்களா என்று பார்த்திருக்க வேண்டும். திட்ட வேலையின் ருசி அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு.

இதற்கும் முன்னால் நடந்தது ஒன்று உனக்கு வகுப்பில் வந்திருக்கும். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி. காசநோயாளியை சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு போட்டால்தான் குணமாகும் என்று உலகமே நம்பியிருந்த காலம். இங்கே பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள், பாதிப் பேரை நெரிசலான வீடுகளிலேயே விட்டு மாத்திரை கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாகியிருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க வைத்தியமுறை மாறியதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். நீ அந்தக் கட்டுரையை எண்களுக்காகப் படித்திருப்பாய். நான் அதில் பார்ப்பது சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்களையும், சிறுநீர் வாங்கிச் சோதித்தவர்களையும். அவர்கள் வீட்டுக்குப் போகாமலே ‘சாப்பிட்டார்’ என்று டிக் அடித்திருந்தால் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு?

போலியோவிலும் இதே கதைதான். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் நம் நாட்டில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி கேஸ். 2014-ல்தான் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தார்கள். மூன்று வருஷம் சும்மா காத்திருக்கவில்லை. 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும், போலியோ இல்லாவிட்டாலும், கண்டுபிடித்து மலம் இரண்டு முறை எடுத்து ஐஸில் வைத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை பேராவது வேறு காரணங்களால் இப்படித் துவண்டிருப்பார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மாவட்டம் அதற்கும் குறைவாகக் காட்டினால் ‘ஆரோக்கியமான மாவட்டம்’ என்று யாரும் பாராட்டவில்லை. ‘நீ தேடவில்லை’ என்றார்கள். பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் அந்தக் குணம் உனக்கு வர வேண்டும். புள்ளிவிவரப் புத்தகத்தில் அது கிடைக்காது.

சரி, கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் மூலம் எடுக்கிறார்கள், தொகுப்பூதியம், 11 மாத ஒப்பந்தம். சேரும்போதே நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். வருஷக்கணக்காக ஒப்பந்தத்திலேயே இருந்து, வயது போய், கல்யாணக் கடனோடு நிற்கும் லேப் டெக்னீஷியன்களை எனக்குத் தெரியும். அது அநியாயம்தான், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. பயணப்படி தாமதமாக வரும். ஃபீல்டில் கழிப்பறைக்குப் பட்ட பாட்டை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, நம் மாநிலத்தில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் இருப்பது பெருமைதான். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. ஆனால் மாவட்ட சுகாதார அலுவலர் நாற்காலிக்குப் போகிற ஏணி எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கானது. பி.டி.எஸ். முடித்து எம்.பி.எச். படித்த உனக்கு அந்த ஏணி இல்லை. மீட்டிங்கில் உன்னைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கும்போது தெரியும். அதனால்தான் அங்கேயே இருந்துவிடு என்று சொல்லாமல் இரண்டு வருஷம் என்கிறேன். அதற்குள் அயப்பாக்கம் தொற்றுநோயியல் நிறுவனத்தில் என்ன பயிற்சிக்கெல்லாம் சேர முடியும் என்று பார்த்து வை. மாவட்டத்தில் வேலை செய்தவள் என்பது அங்கே உனக்கு ஒரு பலம்.

அப்பாவின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். சுகாதார ஆய்வாளராக டெங்கு சீசனில் ஊரான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டே பாதி சர்வீஸ் போய்விட்டது, என் பெண்ணாவது ஏசி ரூமில் உட்காரட்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெல்லி வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. நாங்கள் எழுதிய நோட்டுகளை யாராவது உருப்படியாகப் படித்திருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். வரிசைதான் முக்கியம். முதலில் ஃபீல்டு, அப்புறம் ஏசி. தலைகீழாகப் போனவர்கள் சிலர் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டத்தின் நடுவில் 12 பக்கப் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2017-ல் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்குள் எல்லோருக்கும் போட வேண்டும். பிப்ரவரியில் ஆரம்பித்த சில நாளில் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பிள்ளைகளை அந்த நாளில் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. ஊசி பாதுகாப்பானது என்று அச்சடித்த நோட்டீஸ் கட்டுக் கட்டாக வந்தது. யாரும் படிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஒரு பள்ளியில் டீச்சர் ஒருவர் தன் பையனை வரிசையில் முதலில் நிறுத்தினார். வாசலில் நின்ற அம்மாக்கள் அதைப் பார்த்தார்கள். அதற்கப்புறமும் எல்லோரும் வந்துவிடவில்லை, பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் திட்டுவதைக் கேட்டு, காபி குடித்து, மறுபடி போய்த்தான் போட்டோம். அந்த ஊரில் எனக்குப் பல வருஷப் பழக்கம் இல்லாமலிருந்தால் உள்ளே விட்டிருக்கவே மாட்டார்கள். இந்தச் செலவு எந்தத் திட்ட பட்ஜெட்டிலும் வராது. டெல்லியிலிருந்து பட்ஜெட் போடும் நாள் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டியவை. டூவீலர் லைசென்ஸ் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். டென்டல் கவுன்சில் பதிவையும் விட்டுவிடாதே, நாளைக்கு எதற்காவது தேவைப்படும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, ஒரு நகலை எங்களுக்கு அனுப்பு. பயணப்படி யார் பாஸ் செய்வது என்று முதல் நாளே கேட்டுவிடு. மாவட்டத்தில் காசநோயாளிகளின் வைத்தியத்தை ஊர் ஊராகப் போய்க் கவனிக்கும் சீனியர் டிரீட்மென்ட் சூப்பர்வைசர்கள் இருப்பார்கள், உன்னைவிடப் படிப்பு குறைவு, அனுபவம் அதிகம். முதல் மாதம் அவர்கள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து சுற்று. டெல்லிக்காரர்களிடம் மறுப்பை மரியாதையாக எழுது, இரண்டு வருஷம் கழித்து அங்கே போக வேண்டியிருக்கலாம்.

அப்பாவிடம் நீயே பேசு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு கூப்பிட்டால் நல்ல மூடில் இருப்பார். இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

அன்புடன்
அம்மா